முரியல் கல் வைத்த மரங்கள்

முரியல் இறந்த அன்று கடல் அசையாமல் கிடந்தது. சிங்கி இறால் பிடிக்க அப்படி ஒரு நாள் வாய்ப்பது அபூர்வம். ஆனாலும் விடியலில் இரும்பு உருளையை அடித்து ஊரை எழுப்ப யாரும் போகவில்லை. டிரிஸ்டன் தீவில் சாவு விழுந்தால் படகு இறங்காது.

குழிக்கு மண் தள்ளி முடித்ததும் அவள் கொழுந்தன் பெர்சி தொப்பியைக் கையில் சுருட்டிக்கொண்டு சொன்னான்: "எங்க அண்ணி மாதிரி பேராசை புடிச்ச பொம்பளைய இந்தத் தீவு பாத்ததில்ல." சொல்லிவிட்டு மூக்கைச் சிந்தினான். ஊர் மொத்தமும் சிரித்தது. கேப் டவுனிலிருந்து புதிதாக வந்திருந்த பாதிரியார் மட்டும் திகைத்து நின்றார். அவருக்குக் கதை தெரியாது.

அந்தப் பெரும்புயல் அடித்த குளிர்காலத்தில் முரியலுக்கு அறுபது நெருங்கிக்கொண்டிருந்தது. குள்ளம். அகலமான தோள். கணவன் வில்ஃப் நெஞ்சு நோயில் போய்ச் சில வருடங்கள் ஆகியிருந்தன. ஒரே மகள் நோரீன் கேப் டவுனில் மின்சார வேலை படித்துக்கொண்டிருந்தாள். உருளைக்கிழங்குத் தோட்டம், ஒரு மாடு, கொஞ்சம் ஆடு, மூன்று நாய்கள் எல்லாவற்றையும் முரியல் தனியாகப் பார்த்துக்கொண்டாள். "தெரியாது" என்று அவள் சொல்லி யாரும் கேட்டதில்லை. தெரியாததையும் தெரிந்த குரலில்தான் சொல்வாள். பாதி நேரம் அது சரியாகவும் இருந்துவிடும்.

புயல் கூரைகளைப் பிய்த்தது. மாடுகளை வேலியோடு அழுத்திக் கொன்றது. கரையில் கயிறு போட்டுக் கட்டியிருந்த 'எமிலி'யைத் தூக்கிக் கற்சுவரில் அறைந்தது. எமிலி, பெர்சியும் வில்ஃபும் இன்னொரு குடும்பமும் சேர்ந்து வைத்திருந்த நீளப் படகு. இந்தப் படகுகளுக்கு உடம்பு மரச்சட்டம், தோல் கித்தான் துணி. துணி கிழிந்தால் தைத்து வண்ணம் அடித்துவிடலாம். ஆனால் எமிலிக்கு ஒரு பக்க விலாச் சட்டங்கள் வரிசையாக விரிந்துவிட்டன.

நேர்ப்பலகை கப்பலில் வரும். விலாச் சட்டம் வராது. அது வளைந்தே வளரும், இவர்கள் 'தீவு மரம்' என்றே அழைக்கும் மரத்திலிருந்துதான் வர வேண்டும். எந்தக் கிளை எந்த விலாவுக்குப் பொருந்தும் என்று மரம் நிற்கும்போதே பார்க்கத் தெரிந்தவன்தான் படகு கட்டுகிறவன். பெர்சி அப்படிப்பட்டவன். ஆனால் ஊருக்கு மேலே மலையடிவாரத்தில் அவன் பார்க்கும்படியான மரம் எப்போதோ தீர்ந்துவிட்டது. இருப்பது ஆள் குடியில்லாத நைட்டிங்கேல் தீவில்.

வசந்தத்தில் முட்டை எடுக்க நைட்டிங்கேலுக்குப் போகும் பயணத்தில் அவர்கள் வேறொரு படகில் இடம் கேட்டுப் போனார்கள். பெர்சி, அவன் மனைவி ஐவி, எமிலியில் பங்குள்ள கிளமெண்ட், முரியல். பகல் முழுக்கப் பாய் விரித்து ஓடிப் பாறையில் இறங்கிக் தங்கல் குடிசையில் மூட்டையைப் போட்டுவிட்டு, குளங்களின் பக்கம் ஏறிப் போய்ப் பார்த்தார்கள்.

தோப்பு படுத்துக் கிடந்தது. வாரிவிட்ட தலைமுடி மாதிரி எல்லா மரமும் ஒரே திசையில்.

கிளமெண்ட் விசிலடித்தான். "பெர்சி, கடவுள் உனக்குன்னு மரக்கடை தொறந்து வெச்சிருக்கார்டா. கதவக்கூடச் சாத்தல."

பெர்சி ஒரு மரத்தின் வளைவைக் கையால் தடவிக்கொண்டே போனான். குளத்தோரம் ஒன்று கிடந்தது. ஒரு ஆள் கட்டிப்பிடிக்கும் தடிமன், நடுவில் அருமையான வளைவு. அதன் முன் குந்தி உட்கார்ந்துவிட்டான். முகத்தில் குளிர்காலம் முழுக்க இல்லாத வெளிச்சம்.

"எமிலிய மறந்துருங்க. புதுப் படகே கட்டிரலாம்" என்றான்.

கடல் கொண்டுவந்து போடும் கட்டையை யார் முதலில் பார்த்து அலைக்கோட்டுக்கு மேலே இழுத்து அதன்மேல் ஒரு கல்லை வைக்கிறாரோ, அது அவருடையது. கல் வைத்த கட்டையை டிரிஸ்டனில் எவனும் தொடமாட்டான். பசித்தவன்கூட, குளிரில் விறைத்தவன்கூட. காற்று சாய்த்த மரத்துக்கும் அதே வழக்கம்தான். ஒரே நிபந்தனை: அடுத்த வருடம் முதல் படகு இறங்கும்போது, வைத்தவரே வந்து கல்லை எடுத்து மறுபடி வைக்க வேண்டும். இல்லையென்றால் கட்டை பொது. அதோடு எழுதாத ஒன்றும் உண்டு. உன் படகு கொள்கிற அளவுக்கு மேல் கல் வைக்கக்கூடாது. அப்படி வைப்பவனுக்கு ஊரில் ஒரே பெயர்தான்.

மற்றவர்கள் தேநீர் போடக் குடிசைக்குத் திரும்பினார்கள். முரியல் மட்டும் நின்றாள். அவளுக்கு ஒரு சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. டக். டக்.

பெரிய கேனரி. நைட்டிங்கேலில் இரண்டு வகைக் கேனரிக் குருவி உண்டு. சின்னது புல்வெளி முழுக்கத் திரியும், மெல்லிய அலகு, கிடைத்ததைத் தின்னும். பெரியது தீவு மரம் இருக்கும் இடத்தில் மட்டும் இருக்கும். சிட்டுக்குருவியைவிடப் பெரிய உடம்பு. முதுகில் சாம்பல் கோடு ஓடிய பாசிப் பச்சை, நெஞ்சில் மங்கின மஞ்சள். முகத்தில் பாதி அலகுதான். பாக்குவெட்டி மாதிரியான அலகு. தீவு மரத்தின் காய் கல் போல இருக்கும். மனிதன் பல்லால் கடித்தால் பல் போகும். இது காயைப் பக்கவாட்டில் உருட்டும். பொருத்து எங்கே என்று அலகுக்குள்ளேயே தேடும். கிடைத்ததும் ஒரே அழுத்து. தோல் இரண்டு பக்கமும் உதிரும், விதை உள்ளே போகும். அடுத்தது.

கல்யாணமான புதிதில் அவளும் வில்ஃபும் காற்று மாறக் காத்து இந்தத் தீவில் வாரக்கணக்கில் மாட்டிக்கொண்டார்கள். மாவு தீர்ந்தது. முட்டையும் மீனும் தின்று அலுத்து, பகலெல்லாம் குடிசை வாசலில் உட்கார்ந்து இந்தப் பறவையைத்தான் பார்த்தார்கள். ஆளுக்குப் பயப்படாது. வில்ஃபின் பூட்ஸ்மேல் உட்கார்ந்துகூட ஒரு காயை உடைத்திருக்கிறது. "வேலை தெரிஞ்ச ஆளு" என்பான் வில்ஃப். அதற்குமேல் அவர்கள் அதைப் பற்றிப் பேசியதில்லை.

இப்போது சாய்ந்த மரத்தில் உட்கார்ந்து தின்றுகொண்டிருந்தது. முரியல் அருகில் போனாள். செத்த மரத்துக் காய் கறுத்துச் சுருங்கியிருக்க வேண்டும். இது பசுமையாக, கனமாக இருந்தது. கட்டைவிரல் நகத்தால் பட்டையைச் சுரண்டினாள். உள்ளே பச்சை. வேர்ப் பக்கம் போய்ப் பார்த்தாள். பாதி வேர் வானத்தில், பாதி இன்னும் மண்ணில். மண்ணைத் தொட்ட கிளைகளிலிருந்து துளிர் எட்டிப் பார்த்தது.

சாய்ந்த தீவு மரம் செத்த மரம் என்பது டிரிஸ்டனில் குழந்தைக்கும் தெரியும். அங்கே சாய்ந்த மரம் எதுவும் எழுந்ததில்லை. முரியல் அந்த இடத்திலேயே நின்று யோசித்தாள். அங்கே ஆடு இருக்கிறது. வரும் துளிரையெல்லாம் ஆடு கடிக்கும், ஆடு விட்டதை மாடு கடிக்கும். இங்கே ஆடும் இல்லை, மாடும் இல்லை. தலைமுறை தலைமுறையாக ஊர் மரத்தைப் பழி சொல்லியிருக்கிறது. குற்றம் ஆட்டுடையது.

குடிசையில் அவள் அதைச் சொன்னாள். பெர்சி ரம்பத்துக்கு அரம் போட்டுக்கொண்டிருந்தான்.

"மரம் உசுரோட இருக்கு பெர்சி. சுரண்டிப் பாத்தேன். பச்சையா இருக்கு."

"நானும் பாத்தேன் அண்ணி."

"பாத்தியா?"

"பாக்காம? பச்ச மரம்தான் விலாவுக்கு நல்லது. காஞ்சது ஆணி அடிச்சா பிளக்கும். பச்சையா இருக்கும்போதே வெட்டிரணும்."

முரியல் இதை எதிர்பார்க்கவில்லை. பச்சை என்று சொன்னால் போதும் என்று நினைத்திருந்தாள்.

"அப்ப பெரிய கேனரி எதத் திங்கும்?"

"வேற எதாவது திங்கட்டும்."

"அதுக்கு வேற எதுவும் கெடையாதுடா. நமக்குக் கிழங்கு இல்லன்னா மீனு, மீனு இல்லன்னா கப்பல்ல மாவு. அதுக்கு ஒரே ரொட்டிதான். அந்த ரொட்டி அங்க சாஞ்சு கெடக்கு."

கிளமெண்ட் தேநீரில் ரொட்டியைத் தோய்த்தபடி, "பெர்சி, நீ ரெண்டு மூட்ட கிழங்கு எடுத்தாந்து தோப்புல போட்டுரு. பொரிச்சா, அவிச்சான்னு மட்டும் அதுங்ககிட்ட கேட்டுக்க" என்றான்.

ஐவி சிரித்துவிட்டாள். பெர்சி சிரிக்கவில்லை. "அண்ணி, மூணு குடும்பத்துக்கு ஒரு படகு. அதுவும் ஒடஞ்சு கெடக்கு. பறவக் கொழுப்பு எடுக்க, முட்ட எடுக்க எத்தன வருஷம் அடுத்தவன் படகுல கெஞ்சிட்டு வர்றது? வில்ஃப் அண்ணன் இருந்தா என்ன சொல்லியிருப்பாரு?"

"உங்கண்ணன் ஒன்னும் சொல்லியிருக்க மாட்டாரு. நான் பேசும்போது அவரு பேசுனதே இல்ல."

"நாளைக்கு முட்ட. நாளன்னிக்கு மரம்" என்று பெர்சி பேச்சை முடித்தான்.

மறுநாள் எல்லோரும் முட்டைக்குப் பென்குயின் கூட்டத்துப் பக்கம் போனார்கள். முழங்கால் வலி என்று முரியல் குடிசையில் தங்கினாள். அவள் வாழ்நாளில் முழங்காலைப் பற்றிப் பேசியது அன்று ஒருநாள்தான். ஐவிக்காவது சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

நைட்டிங்கேலின் மேட்டில் கல் கிடையாது. கரி மண்ணும் ஆளுயரப் புல்லும்தான். அந்த மண் முழுக்கப் பெட்ரல் பறவைகள் தோண்டிய பொந்து. கால் வைத்தால் தொடைவரை இறங்கும். கல் வேண்டுமென்றால் கரைக்குத்தான் வர வேண்டும். முரியல் கிழங்குச் சாக்கில் கல்லைப் போட்டுத் தோளில் ஏற்றிப் புல்லைப் பிளந்துகொண்டு ஏறினாள். பொந்தில் விழுந்தாள். உள்ளே இருந்த பெட்ரல் கணுக்காலைக் கொத்தியது. அதைத் திட்டினாள், எழுந்தாள், ஏறினாள். ஒவ்வொரு மரமாகச் சுரண்டிப் பார்த்தாள். பழுப்பாக இருந்ததை விட்டாள். பச்சைக்கு ஒரு கல். சாக்கு காலியானதும் கீழே இறங்கினாள். பொழுது சாய்வதற்குள் தோள் தோல் உரிந்து சட்டையோடு ஒட்டிக்கொண்டது. கடைசிக் கல்லைக் குளத்தோரத்துப் பெரிய மரத்தின்மேல் வைத்தாள்.

அடுத்த காலை பெர்சி ரம்பத்தோடு தோப்புக்குள் போனவன் நின்றுவிட்டான். கிளமெண்ட் ஒரு மரத்திலிருந்து இன்னொரு மரத்துக்கு நடந்து பார்த்தான்.

"ஆடு புழுக்க போட்ட மாதிரி எங்க பாத்தாலும் கல்லு" என்றான்.

"யாரு?" என்றான் பெர்சி. கேள்வி தேவையில்லாதது. முரியல் அவர்களுக்குப் பின்னால் வந்துகொண்டிருந்தாள்.

"நான்தான். காஞ்சதெல்லாம் உனக்கு விட்டிருக்கேன்."

"அண்ணி, வெளையாடாதீங்க."

"நான் எப்படா வெளையாடினேன்?"

"இத்தனையும் எந்தப் படகுல ஏத்துவீங்க?"

"ஏத்தப் போறதில்ல."

"அப்ப எதுக்குக் கல்லு?"

"எனக்கு வேணும்."

பெர்சியின் கழுத்து சிவந்தது. "பேராசை புடிச்ச பொம்பள" என்றான். அந்தச் சொல்லை அவளிடம் யாரும் சொன்னதில்லை. டிரிஸ்டனில் திருடன் என்று சொல்வதைவிட அது பெரிய வசை; திருட அங்கே எதுவும் இல்லை, பேராசைப்பட எல்லாமே இருக்கிறது.

"ஆமா" என்றாள் முரியல். "வெச்சுக்க."

பெர்சி ரம்பத்தைத் தூக்கி அருகில் கிடந்த மரத்தின்மேல் வைத்தான். அதில் கல் இருந்தது. கல்லைப் பார்த்தான். பிறகு ரம்பத்தை எடுத்துக்கொண்டு கீழே போய்விட்டான். அவன் எவ்வளவு கோபத்தில் இருந்தாலும் அதைச் செய்யமாட்டான் என்று முரியலுக்குத் தெரியும். அதை நம்பித்தான் அவள் கல் சுமந்தாள்.

அந்த வருடம் அவளுக்கு நன்றாக இல்லை. ஊர் அடிக்கவில்லை, திட்டவில்லை, சிரித்தது. கடைக்குப் போனால், "முரியல் அக்கா, அந்த மாவு மூட்டைமேல கல்லு வெச்சிட்டியா, நாங்க எடுக்கலாமா?" என்பார்கள். நடனத்துக்குப் போனால் அவள் உட்காரும் நாற்காலியில் ஒரு கல் இருக்கும். அவள் அதை எடுத்துத் தரையில் வைத்துவிட்டு உட்கார்ந்து, வழக்கம் போலக் கடைசிப் பாட்டுவரை இருந்துவிட்டுத்தான் போவாள். கேலி அவளைத் தொடவில்லை. நைட்டிங்கேலிலிருந்து வந்த கொழுப்பில் அவள் பங்கு வராதது தொட்டது. வில்ஃப் இறந்த வருடம்கூடப் பெர்சி அந்தப் பங்கைக் கொண்டுவந்து வாசலில் வைத்தான்.

ஐவி ஒருநாள் பாவாடைக்குள் மறைத்து ஒரு டப்பா கொழுப்பு கொண்டுவந்தாள். "அவருக்குத் தெரியாது அக்கா."

"தெரியாம வந்தது எனக்கு வேண்டாம். எடுத்துட்டுப் போ. தேத்தண்ணி மட்டும் குடிச்சிட்டுப் போ."

நோரீனோடு ரேடியோவில் பேசினாள். அந்த ரேடியோவில் யார் பேசினாலும் அறையில் பாதி ஊர் நிற்கும். "நல்லா இருக்கேன். மாடு கன்னு போட்டுருக்கு. பெர்சிகூட மரத் தகராறு. ஓவர்" என்றாள். நோரீன் என்ன தகராறு என்று கேட்டாள். "சரியாயிரும். ஓவர்." அவ்வளவுதான். மகள் தூரத்தில் இருந்து கவலைப்பட்டு ஆகப்போவது ஒன்றுமில்லை என்பது அவள் கணக்கு. கடைசிவரை அந்தக் கணக்கை அவள் மாற்றவில்லை. நோய் வந்தபோதும் இதே இரண்டு சொல்தான்.

வசந்தம் நெருங்கியது. கல்லைப் புதுப்பிக்க வேண்டும். அவளை ஏற்றிக்கொள்ள ஒரு படகும் தயாராக இல்லை. ஒருவன் எடை அதிகம் என்றான். ஒருவன், "உன்ன ஏத்தினா படகுமேலயும் கல்லு வெச்சிருவ" என்றான். அவள் போகாவிட்டால் முதல் படகு இறங்கியதுமே தோப்பு பொது. பெர்சி அதற்குத்தான் காத்திருந்தான். எமிலியின் உடைந்த விலாக்களுக்கு மீன் பெட்டிப் பலகையும் தகரமும் வைத்து ஒட்டுப் போட்டு, புதுக் கித்தான் தைத்து வைத்திருந்தான். ஒரு போக்குவரத்துக்குத் தாங்கினால் போதும். திரும்பும்போது மரம் வரும்.

காற்று திரும்பிய காலை இரும்பு உருளை ஒலித்தது. கரையில் படகுகளைத் தள்ளினார்கள். எமிலி அலையில் மிதந்ததும் முரியல் மூட்டையோடு இடுப்பளவு தண்ணீரில் நடந்து வந்து, விளிம்பைப் பிடித்து உள்ளே ஏறி, நடுக் குறுக்குப் பலகையில் உட்கார்ந்தாள்.

"எறங்குங்க அண்ணி."

"எதுக்கு?"

"இது என் படகு."

"எமிலிடா இது. இந்தப் பலக உங்கண்ணன் பலக. அவரு போனப்புறம் என் பலக. புதுப் படகு கட்டினா புதுப் பங்கு, நீ யார வேணா ஒக்கார வெச்சுக்க. இது பழைய படகு. பழைய பங்கு."

துடுப்போடு நின்ற கிளமெண்ட், "பெர்சி, நீ ஒட்டுப் போட்டது படகுக்கு மட்டுமில்ல, அவங்க பங்குக்கும் சேத்துத்தான்" என்றான். படகில் இருந்த எல்லோரும் சிரிப்பை அடக்கினார்கள். பெர்சி வானத்தைப் பார்த்தான். பிறகு பாயை ஏற்றச் சொன்னான்.

இதை முன்பே திட்டமிட்டதாக முரியல் பின்னாளில் சொல்வாள். உண்மையில் அன்று காலை உருளைச் சத்தம் கேட்டுப் பூட்ஸ் மாட்டும்போதுதான் அவளுக்குத் தோன்றியது.

பாதி வழியில் அலை ஏறியது. எமிலி அழ ஆரம்பித்தாள். முரியலின் காலடியில் தண்ணீர் சேர்ந்தது. வாளி எடுத்து இறைத்தாள். இறைக்கும்போது அவள் கை விலாச் சட்டத்தில் பட்டது. ஒவ்வொரு அலைக்கும் அது நகர்ந்தது. மூச்சு விடுகிற நெஞ்சு மாதிரி விரிந்து மூடியது; ஒட்டுத் தகரம் ஒவ்வொரு முறையும் ஆணியிலிருந்து நூலளவு விலகியது. அவள் எதிரே ஐவி முகம் வெளுத்து உட்கார்ந்திருந்தாள். சுக்கான் பிடித்திருந்த பெர்சி அந்த விலாவையேதான் பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்குத் தெரிந்திருந்தது. தெரிந்தே கிளம்பியிருக்கிறான். அடுத்தவன் படகில் இனி ஒருமுறை கெஞ்ச அவனால் முடியாது.

முரியல் இறைத்தாள். நைட்டிங்கேல் பாறை வரும்வரை நிறுத்தவில்லை.

இறங்கியதும் பெர்சி ரம்பத்தை எடுத்தான். முரியல் மேலே ஏறினாள். இருவரும் ஒருவரை ஒருவர் பார்க்காமல் ஒரே வழியில், ஒரே புல்லைப் பிளந்துகொண்டு போனார்கள். கிளமெண்ட் பின்னால் வந்தான், சாட்சிக்கு என்று சொல்லிக்கொண்டு. வேடிக்கைக்கு என்பது எல்லோருக்கும் தெரியும்.

தோப்பு படுத்தபடியே எழுந்திருந்தது. கிடந்த தண்டுகளிலிருந்து கிளைகள் நேராக மேலே போயிருந்தன, இடுப்பளவு, சில இடத்தில் தோளளவு. காய் கொத்துக் கொத்தாக. டக் டக் என்று எல்லாப் பக்கமும் சத்தம். ஒரு பெரிய கேனரி புல் நுனியில் உட்கார்ந்து உரக்கச் சீட்டியடித்தது. புல்லின் அடியில், தரையோடு அதன் கூடு இருக்க வேண்டும்.

முரியல் முதல் கல்லை எடுத்தாள், வைத்தாள். அடுத்ததை எடுத்தாள், வைத்தாள். பெர்சி அவளைத் தாண்டிக் குளத்தோரத்துப் பெரிய மரத்திடம் போய் ரம்பத்தை மடியில் வைத்து உட்கார்ந்தான். அவள் அங்கே கடைசியாக வந்தாள். அந்த மரத்தில்தான் காய் அதிகம். பறவையும் அதிகம்.

கல்லின்மேல் கை வைத்தாள். எடுத்தாள். மறுபடி வைக்கவில்லை. குளத்தில் போட்டாள்.

"என்ன அண்ணி இது?"

"படகு சாகுதுடா. கையால தொட்டுப் பாத்தேன். அதுல ஐவிய ஏத்திட்டு வந்திருக்க நீ."

பெர்சி ரம்பத்தை மடியிலிருந்து இறக்கிக் கீழே வைத்தான்.

"இந்த மரம் உனக்கு. ஒன்னுதான். மத்ததுல நீயும் கை வெக்கக் கூடாது, உம் பையனும் கை வெக்கக் கூடாது, காத்து அடிச்சாலும் சரி, சாஞ்சாலும் சரி. கிளமெண்ட் கேட்டுக்கிட்டு நிக்கிறான்."

"கேட்டேன்" என்றான் கிளமெண்ட்.

"ஒரு மரத்துல ஒரு படகா? ஒரு பக்கத்து விலாவுக்குக்கூடப் பத்தாது."

"நடுவுல வர்ற பெரிய விலாவெல்லாம் இதுல எடு. மத்தது அங்க காஞ்சு கெடக்கே, அதுல ரெண்டு துண்டா எடுத்து ஒட்டு."

"காஞ்சது பிளக்கும்."

"முதல்ல ஓட்ட போட்டுட்டு ஆணி அடி. ஒட்டுப் போடத் தெரியாதவனா நீ? எமிலிக்குத் தகரத்தையே ஒட்டினியே."

பெர்சி வெகு நேரம் அந்த வளைவைப் பார்த்தான். ஒட்டுப் போட்ட விலா வைத்த படகை அவன் அப்பா கட்டியதில்லை, தாத்தா கட்டியதில்லை. ஊர் சிரிக்கும். கொஞ்ச நாள் சிரிப்பு அவன் பக்கமும் வரட்டும் என்று முரியல் நினைத்தாள், அதைச் சொல்லவில்லை.

"சரி" என்றான் கடைசியில். "என் வாக்கு."

அந்த வாக்குக்குப் பிறகு அந்தத் தோப்பில் யாரும் ரம்பம் வைத்ததில்லை. ஒட்டு விலா போட்ட அந்தப் படகில் நடுப்பலகை முரியலுக்கு என்று பெர்சியே சொன்னான். கால் ஓயும்வரை வருடா வருடம் அதில்தான் போய்க் கல்லைப் புதுப்பித்துவிட்டு வந்தாள். ஆனால் அன்று இன்னும் மரம் வெட்டியாக வேண்டியிருந்தது. அது இரண்டு ஆள் இழுக்கும் ரம்பம். பெர்சி கிளமெண்டைப் பார்த்தான்.

"அவன் வேண்டாம். நான் புடிக்கிறேன்" என்றாள் முரியல்.

"உங்களுக்கு எதுக்கு அண்ணி?"

"நான் குடுத்தேன். நான்தான் புடிக்கணும்."

மண்டியிட்டு மறுமுனைக் கைப்பிடியைப் பிடித்தாள். முதல் இழுப்பில் பட்டை கிழிந்தது. இரண்டாவதில் ஈரமான வெள்ளைத் தூள் அவள் மணிக்கட்டில் கொட்டியது. மரத்தில் இருந்த பறவைகள் எல்லாம் ஒரே சமயத்தில் எழுந்து பக்கத்து மரத்துக்குப் போயின. அங்கிருந்து இவர்களைப் பார்த்துச் சீட்டியடித்தன. அவள் ஒரு கணம் கையை நிறுத்தினாள். இந்த மரத்துக் காய் இனி அதுங்களுக்கு இல்லை. அதை அவள் வேறு மாதிரி சொல்லிக்கொள்ளப் பார்க்கவில்லை.

பெர்சி நிமிர்ந்தான். "திட்டுதுங்க பாருங்க."

"திட்டட்டும். திட்டாம என்ன செய்யும்?" முரியல் கைப்பிடியை இறுக்கிக்கொண்டாள். "நீ இழு."